பூங்காவுக்கு உள்தாழ்ப்பாள்

12-1-1971
கைலாசம் சார் ஒரு காகிதச் சுருளை என் மேஜையில் போட்டார். "மதனவதி, அடுத்த இருபது வருஷத்துக்கு ஊர்ப் பூங்காவெல்லாம் பிளான் போடணும். பெண்கள் பூங்காவை நீயே வரைஞ்சிடு." நகராட்சி ஆபீசில் வரைபடம் போடும் ஒரே பெண் நான். இதுவரை வரைந்ததெல்லாம் சாக்கடை. வேலை நிரந்தரமாவதும் இதில்தான் இருக்கிறதாம்.

18-1
ஜனங்களைக் கேட்டு எழுத வேண்டும். சின்ன காஞ்சிபுரத்தில் பூவம்மாள் என்கிறவள் வீடு. நெசவுக்குப் பட்டு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டே பேசினாள். முதல் கேள்வி: ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்?
"ஓய்வு நேரமா? அது எத்தினி மணிக்கு வருதும்மா?"
படிவத்தில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

19-1
பதினோரு வீடு. நீரூற்று கேட்டவர் யாருமில்லை. ஒருத்தி ஊஞ்சல் கேட்டாள். பேரனுக்கா என்றேன். "எனக்கு" என்றாள்.
பூவம்மாள் வழியில் மறித்தாள். "ஒண்ணும் வாணாம்மா. அரை மணி சும்மா உக்காந்துக்கினு இருக்கணும். எந்த ஆம்பளையும் வந்து கூப்புடக் கூடாது. கதவுக்கு உள்ள ஒரு தாப்பா வெச்சிடு."
வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். "பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட வராம எங்கடி சுத்திக்கினு இருக்கே?" விளக்கு வைத்த பிறகு எங்கள் சமண வீட்டில் சாப்பாடு கிடையாது.

2-2
சார் படத்தைப் பார்த்தார்.
"நீரூற்று எங்க?"
"யாரும் கேக்கல சார்."
"கேக்க மாட்டாங்க. நாமதான் வைக்கணும். இது என்ன, உள்ள தாழ்ப்பாளா? பூங்காவா பாத்ரூமா? அழி, கூட்டத்துல சிரிப்பாங்க."
நீரூற்றைப் போட்டேன். ரப்பரைக் கையில் எடுத்தேன்... எதுக்கு அழிக்கணும்? கேட்டவங்க கேட்டதைத்தானே போட்டேன்?

3-2
அழிக்காமலே கொடுத்துவிட்டேன். வேலை போனால் போகட்டும். — இல்லை, போகக் கூடாது, அருகதேவா.

19-2
கூட்டம். தாழ்ப்பாள் என்றதும் உறுப்பினர்கள் குலுங்கிச் சிரித்தார்கள். சார் என்னை முறைத்தார். வராந்தாவில் இருபது பெண்களோடு பூவம்மாள் நின்றிருந்தாள். என்றைக்குக் கூட்டம் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.
"இது யாருக்கு வேணும்?" என்றார் தலைவர்.
"எங்களுக்குத்தாங்க. வெளிய தாப்பா போட்டு எங்கள உள்ள வெச்சா யாரும் சிரிக்கல. நாங்களே உள்ளாற போட்டுக்கினா மட்டும் சிரிப்பு வருதா?" என்றாள் பூவம்மாள், வராந்தாவிலிருந்தே.
சிரிப்பு நின்றது. தீர்மானம் நிறைவேறியது. சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அது என் யோசனைதான்" என்றார்.

9-7-1972
திறப்பு விழா. நீரூற்று தலைவரைத் தலையோடு காலாக நனைத்தது. அதுவும் தன் யோசனை என்று சார் சொல்லவில்லை. என் வேலை போன மாதமே நிரந்தரமாகிவிட்டதால் நானும் தைரியமாகச் சிரித்தேன்.

21-7
பதினாலு கணவன்மார் கையெழுத்திட்ட மனு. சாயங்காலம் வீட்டில் காபி கிடைப்பதில்லையாம். தாழ்ப்பாளை அகற்ற வேண்டுமாம். குறிப்புரைக்கு என்னிடமே வந்தது. "தாழ்ப்பாள் நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதி அனுப்பினேன்.

22-7
நேரில் பார்த்து வர சார் அனுப்பினார். கதவைத் தட்டினேன்.
"யாரு?"
"மதனவதி."
"ஆபீஸ் வேலையா?"
கொஞ்சம் யோசித்தேன். "இல்ல" என்றேன். கதவு திறந்தது.
மரத்தடி பெஞ்சில், செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டிக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.