தேதி மறக்கும் கம்ப்யூட்டர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். போனில் பேசினால் உங்களுக்குக் கேட்பதில்லை என்று எழுதுகிறேன். காது மெஷின் பழகிவிட்டதா?

இங்கே புனே பக்கம் ஆகுர்டி கம்பெனியில் ஒரு பழைய லேத் மெஷினை ஓட்டும் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 95 ஏற்றச் சொன்னார்கள். பதின்மூன்று ஃபிளாப்பிகளை மாற்றி மாற்றிப் போட்டேன். மறுநாள் காலை தேதி 1980 என்று காட்டியது. தப்பாக ஏற்றிவிட்டோமோ என்று குழம்பி, எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஏற்றினேன். மறுநாளும் 1980. மூன்றாவது தடவைதான் சூப்பர்வைசர் ஷிண்டே சிரித்தார்: "அரே பாய், பேட்டரி கதம்!" உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டதாம்; போர்டோடு பற்றவைத்ததாம், தொடக்கூடாதாம். மற்றதெல்லாம் நினைவிருக்க, தேதி மட்டும் எப்படி மறக்கிறதோ, இன்னும் புரியவில்லை. இப்போது தினமும் காலையில் அது என்னிடம் தேதி கேட்கிறது, நான்தான் தட்டிக் கொடுக்கிறேன்.

நம் ஊர் தினசரி காலண்டர் ஒன்று அனுப்புங்கள். கைபேசியில் தேதி இருக்கிறதே என்பீர்கள். இருந்தாலும் அனுப்புங்கள். காலையில் என்னிடம் ஏதாவது கேட்பது அந்தக் கம்ப்யூட்டர் ஒன்றுதான்.

ஷிப்ட் சங்கு ஊதிவிட்டது.

அச்சுதன்