சிவப்பு மையில் ஒரு பாடம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று கோச்சிங் சென்டரில் மாதிரித் தேர்வு. இயற்பியலில் ரொட்டேஷன் பாடத்திலிருந்து மட்டும் மூன்று கேள்விகள். மூன்றையும் சரியாகப் போட்டேன். என்னோடு சேர்ந்து படிக்கும் வசந்தி ஒன்றைக்கூடத் தொடவில்லை.

வெளியே வந்ததும், பரவாயில்லை என்பதுபோல் சிரித்துக்கொண்டே சொன்னாள். "போச்சாது புள்ள. ரெண்டு பேருஞ் சேந்துதான அதை விட்டுப்போட்டோம்." தலையை ஆட்டினேன்.

தீபாவளிக்குப் பிறகு இருவரும் உட்கார்ந்து பாடங்களைப் பிரித்தோம். கட்டாயம் படிக்க வேண்டியதற்குப் பச்சை மை, நேரமிருந்தால் படிப்பதற்கு நீலம், விட்டுவிடுவதற்குச் சிவப்பு. ரொட்டேஷனுக்குச் சிவப்பு போட்டது நான்தான். நேரத்தைத் தின்னும், மார்க் வராது என்றேன். அன்று நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். என் பட்டியலைப் பார்த்து அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். காரமடையிலிருந்து ரயிலில் வரும்போது அதை வைத்துத்தான் படிக்கிறாள்.

பொங்கல் லீவில் அந்தப் பாடத்தைச் சும்மா புரட்டினேன். நான்கே நாளில் பிடிபட்டுவிட்டது. அவளிடம் சொல்ல அதன் பிறகு எத்தனையோ நாள் இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால்... ஒரு மார்க் குறைந்தால் எத்தனை பேர் முன்னால் போய்விடுவார்கள் என்று சார் தினமும் சொல்கிறார். அந்த எத்தனையோ பேரில் வசந்தியும் ஒருத்தி.

சாப்பிடும்போது அம்மா, "மார்க்கு நல்லாத்தான வந்திருக்குது, மூஞ்சி ஏன் அம்மணி இப்படி இருக்குது?" என்றாள். தலைவலி என்றேன்.

மேஜைக்கு எதிரே என் பட்டியல் ஒட்டியிருக்கிறது. அதில் ரொட்டேஷன் இன்னும் சிவப்பில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வசந்தி படிக்க இங்கே வருவாள். அவள் பார்ப்பாள் என்றுதான் மாற்றாமல் வைத்திருக்கிறேன்.