தையல்நாயகி தன் மகனிடம் கேட்க வேண்டிய கேள்வி

அனுப்புநர்:
செல்வி சியாமளா தட்சிணாமூர்த்தி,
ஆய்வு மாணவி (வரலாறு),
ரெக்ஸ்டேல், ரொறன்ரோ.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
விளக்கமறியல் சிறைச்சாலை,
ரொறன்ரோ.

பொருள்: விளக்கமறியலில் உள்ள திரு. சின்னத்துரை குகதாசனுடன் அவருடைய தாயார் தமிழில் பேச அனுமதி கோரல்.

மதிப்புக்குரிய ஐயா,

இல்லை, நான் அவருக்கு உறவல்ல. உங்கள் வாசலில் ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள். அதனால் முதலில் சொல்லிவிடுகிறேன். அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் ஒரு மாடி மேலே இருக்கிறேன். உறவல்லாதவர் சந்திப்பு அறைக்குள் போக முடியாது. கதவில் உள்ள சிறு கண்ணாடி வழியே பார்க்கலாம். பார்த்ததை எழுதுகிறேன்.

1. தொழிற்சாலையில் தம்மை இழிவாகப் பேசித் தள்ளிய ஒருவரைக் குகதாசன் அடித்தார் என்பது வழக்கு. விசாரணை தொடங்கவில்லை. பிணை நிற்க ஆளில்லை. அவர் குற்றவாளி என்று இதுவரை எவரும் தீர்ப்புச் சொல்லவில்லை.

2. சந்திப்பில் காவல் அலுவலருக்கு விளங்கும் மொழியிலேயே பேச வேண்டும் என்பது உங்கள் விதி. மகனுக்கு ஆங்கிலம் தெரியும். தாயார் தையல்நாயகிக்குத் தெரியாது. இருவரும் கண்ணாடித் தடுப்பின் இருபுறமும் தொலைபேசியைக் காதில் வைத்தபடி ஒருவரை ஒருவர் பார்த்திருப்பார்கள். நேரம் முடிந்ததும் வைத்துவிடுவார்கள்.

3. சென்ற மாதக் கடைசியில், அவர்கள் ஊரான இளவாலையில், குகதாசனின் தகப்பனார் காலமானார். தந்தி வந்தபோது அங்கே தகனமும் முடிந்திருந்தது. செய்தியை மகனுக்குத் தாமே சொல்ல வேண்டும் என்றார் தாயார். நான் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தேன். பஸ்ஸில் வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

4. அதைச் சொல்லத் தேவைப்படவில்லை. குளிர்க்கோட்டு கழுத்துவரை மூடியிருந்தது. நெற்றி தெரிந்தது. எப்போதும் இருக்கும் குங்குமப் பொட்டு இல்லை. எங்கள் பெண்களின் நெற்றி அப்படி வெறுமையானால் அதற்கு ஒரே பொருள்தான். மகன் பார்த்தார். எழுந்தார், மறுபடி இருந்தார். பிறகு விதிப்படி ஆங்கிலத்தில் ஒரு சொல் கேட்டார். தாயாருக்கு அது விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். மகன் கேட்டது "எப்போது?" என்று; உதட்டசைவில் எனக்குத் தெரிந்தது. அலுவலர் அருகில் நின்றார். குரல் உயரவில்லை, விதி மீறப்படவில்லை. ஒழுங்கான சந்திப்பு.

5. திரும்பும் வழியில் தாயார் சொன்னது: "மெலிஞ்சு போனான், பிள்ளை. சாப்பிடுறியோ எண்டு கேக்க வாய் வந்தது. அந்த ஆள் பாத்தார், விட்டிட்டன்." கேட்க வேண்டிய இன்னொன்றையும் கேட்கவில்லை. குகதாசன் ஒரே மகன். தகப்பனாருக்கு முப்பத்தோராம் நாள் ஊர்க் கடற்கரையில் அந்தியேட்டிக் கிரியையை அவர் செய்ய வேண்டும். முடியாதென்றால் தமக்குப் பதிலாக யார் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். அதையும் ஆங்கிலத்தில் சொல்லித்தரவா என்றேன். "உதை இங்கிலீசில கேக்கேலாது. அவன்ரை அப்பாவெல்லோ."

6. நான் ஜோன் ஹவார்ட் பற்றி ஆய்வு செய்கிறேன். தங்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் பெட்ஃபோர்டில் சிறைக்குப் பொறுப்பான ஷெரிப்பாக இருந்தவர். இளமையில் கடலில் எதிரிக் கப்பலிடம் பிடிபட்டுத் தாமும் சிறையில் தாகத்தோடு கிடந்தவர். குற்றமில்லை என்று விடுவிக்கப்பட்டவர்களைச் சிறைக்காவலர் கட்டணத்துக்காக மீண்டும் உள்ளே தள்ளுவதைக் கண்டார். பிறகு ஐரோப்பாவின் சிறைகளையெல்லாம் நேரில் போய்ப் பார்த்தார். சிறையின் நாற்றம் உடையில் ஏறியதால் மூடிய வண்டியில் இருக்க முடியாமல் குதிரையில் போனார். தம் ஒரே மகன் மனநோயாளர் காப்பகத்தில் அடைபட்டிருந்தபோதும் புறப்பட்டார். தூர நாட்டில், கெர்சோன் நகரில், காய்ச்சலில் இறந்தார். அந்த மகனைப் பற்றிய அத்தியாயத்தை நான் பல தடவை தொடங்கினேன். முடிக்கவில்லை. ஒரு தகப்பன், ஒரு மகன், நடுவே சுவர். அதற்குமேல் எழுத வரவில்லை.

சிறைகள் பற்றிய அவருடைய நூலிலிருந்து நான் எடுத்துக்கொண்டது சிறியது. தீர்ப்புக்கு முன் ஒருவரை வைத்திருப்பது காவலுக்கு. தண்டனைக்கு அல்ல.

7. முன்பு ஆங்கிலத்தில் எழுதினேன். இம்மொழி தெரிந்தவர் கிடைக்கவில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. ஆகவே இதைத் தமிழில் எழுதுகிறேன். இதை வாசித்துச் சொல்ல நீங்கள் யாரைக் கண்டுபிடிக்கிறீர்களோ, அவரே சந்திப்பு அறையிலும் அலுவலர் பக்கத்தில் நிற்கலாம்.

அந்தியேட்டி இம்மாதம் இருபத்தொன்பதாம் திகதி. அதற்கு முன் ஒரே ஒரு சந்திப்பில் தாயும் மகனும் தம் மொழியில் பேச அனுமதி தரும்படி பணிவுடன் வேண்டுகிறேன். அவர்கள் பேசுவதை யார் கேட்டாலும் தாயாருக்கு ஆட்சேபனை இல்லை.

ரொறன்ரோ,
24 நவம்பர் 1975.

தங்கள் உண்மையுள்ள,
சியாமளா தட்சிணாமூர்த்தி

(என்னிடமுள்ள பிரதியில் மட்டும்: மனுவை இன்று நேரில் கொடுத்தேன். வாசிக்க ஆளில்லை என்றார்கள். நான் வாசிக்கிறேன் என்றேன். இருக்கச் சொன்னார்கள். அலுவலகம் மூடும்வரை நானும் தையல்நாயகி அன்ரியும் இருந்தோம். பிறகு அன்ரியை வீட்டில் விட்டுவிட்டு இளவாலைக்குத் தந்தி கொடுத்தேன்: மகனிடம் இன்னும் கேட்கவில்லை. பொறுக்கவும்.)