நுள்ளிப் பார்த்ததும் சொல்லாமல் விட்டதும்

என்னைவிட அரை மணித்தியாலம் முந்தியே டியூட்டிக்கு வந்து நிற்கிற என் றெஜினா அக்காவுக்கு,

வந்து நிற்கிற என்றுதான் எழுத வருகிறது. அப்படியே இருக்கட்டும். உங்களுடைய முதலாம் ஆண்டு நினைவுப் பூசைக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. அன்றைக்குக் கொடுக்கச் சின்னதாக ஒரு நினைவு மலர் அடிக்கிறார்கள். வெள்ளைத்தாள் எங்கே கிடைக்கிறது, கோடு போட்ட கொப்பித்தாளில்தான். என்னையும் எழுதச் சொன்னார்கள். "கடைசி மட்டும் பக்கத்திலை நிண்டது நீங்கள்தானே மிஸ். அவ எப்பிடித் தன்னையே குடுத்தவ எண்டு நாலு வரி எழுதுங்கோ" என்றார்கள். நாலு வரி! எழுத இருந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் மூன்று தரம் எழும்பிப் போய்க் கை கழுவிவிட்டு வந்துவிட்டேன்.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. மழை தொடங்கிவிட்டது. வயிற்றோட்டக்காரருக்கான வாட்டைத் திரும்பவும் திறக்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் அங்கே வந்து நிற்கும்படி ஆஸ்பத்திரி மேற்றன் ஆள் அனுப்பினா. நேரே போய் என்னால் முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். "ஏலாதெண்டால் வேலையை விடுறன் எண்டு எழுதித் தாரும் வசந்தி. உம்மை இஞ்சையுமில்லாமல் அங்கையுமில்லாமல் வைச்சிருக்க இப்ப என்னட்டை ஆக்கள் இல்லை" என்றா. அவவைக் குறை சொல்ல முடியாது, ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தவ. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. இரண்டு நாளுக்குள் நான் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

உங்களைத் தெரியாதவர்களும் இந்த மலரைப் பிரிப்பார்கள் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். போன மாரியில், சண்டையால் தீவுகளிலிருந்து இடம்பெயர்ந்து வந்த சனம் பண்டத்தரிப்புப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தது. அத்தனை பேருக்கும் ஒரே கிணறு. மழை வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கிய கிழமையே வாந்திபேதி தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் இடமில்லாமல் அந்தப் பள்ளிக்கூடத்தின் இரண்டு வகுப்பறைகளையே வாட்டாக்கினோம். கயிற்றுக் கட்டிலின் நடுவில் ஓட்டை, கீழே வாளி. கூரை வளையில் கட்டிய கயிற்றில் சேலைன் போத்தல். குருநகர் றெஜினா மிஸ்ஸும் நீர்வேலி வசந்தி மிஸ்ஸும் பகல் டியூட்டி.

சேலைன் எல்லாருக்கும் கிடையாது. மருந்து வாகனம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் யாருக்கு அதை ஏற்றுவது, யாரை உப்பும் சீனியும் கரைத்த தண்ணீரோடு சமாளிக்க விடுவது என்று நாங்கள்தான் பார்த்துப் பிரிக்க வேண்டும். தோலை இரண்டு விரலால் நுள்ளித் தூக்கி விட்டுப் பார்ப்போம். உடனே படிந்தால் உடம்பில் தண்ணீர் இருக்கிறது. மடிப்பு நின்றால் ஆள் காய்ந்துவிட்டது, சேலைன் வேண்டும். காலையில் வாசல் கட்டிலில் தொடங்கி நுள்ளிக்கொண்டே போவோம். "உங்களுக்கு நுள்ளுறதுக்கும் சம்பளம் தருகினமோ பிள்ளையள்?" என்று ஒரு கிழவர் கேட்டார். அந்த நிலையிலும் நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

அக்கா, அந்தப் பழக்கம் என் விரலை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு என்னை நீர்வேலியில் குழந்தைகளுக்கு நிறை பார்க்கும் கிளினிக்கில் போட்டார்கள். சும்மா வந்த கொழுகொழுத்த குழந்தைகளையும் நுள்ளினேன். "மிஸ், பிள்ளைக்கு ஒண்டுமில்லை, ஏன் இப்பிடி அழ வைக்கிறியள்?" என்று தாய்மார் சண்டைக்கு வந்தார்கள். கலியாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் இருந்த மனுசியின் கையை நுள்ளிவிட்டேன். என்ன சொல்லிச் சமாளிப்பது? சிரித்து மழுப்பினேன். அவவோ சிரிக்கவில்லை.

வீட்டில் இன்னும் மோசம். என் மகள் துளசிக்கு ஆறு வயது. போன மாதம் அவளுடைய ரீச்சர் என் கணவரைக் கூப்பிட்டு, பிள்ளையின் கை கன்றிக் கண்டல் கண்டலாக இருக்கிறது, வீட்டில் அடிக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறா. அவர் வந்து என்னோடு சத்தம் போடவில்லை. துளசியின் சட்டைக் கையை உயர்த்திக் காட்டினார், அவ்வளவுதான். அவள் நித்திரையாக இருக்கும்போது அத்தனை தரம் நான் நுள்ளியிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இப்போது அவள் என்னோடு படுப்பதில்லை, தகப்பனோடுதான் படுக்கிறாள்.

ஷெல் விழுந்தால் பதறாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்குகிறவள் நான். ஆனால் முற்றத்தில் வாளி வைக்கிற சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழும்பிவிடுகிறேன். கிணற்றுக்குக் குளோரின் போட்ட மணம் வந்தால் குசினியில் வைத்த உலையை மறந்துவிட்டு, யார் வீட்டுக் கிணறு என்று பார்க்க வேலிக்கு ஓடுகிறேன். டொக்டரிடம் போனேன். "நரம்புத் தளர்ச்சி" என்று விற்றமின் குளிசை தந்தார். மாமி கண்ணூறு என்று நூல் கட்டிவிட்டா. குளிசையும் முடிந்தது, நூலும் அறுந்தது, நான் அப்படியே இருக்கிறேன். எங்களோடு அங்கே வேலை செய்த மற்றவர்களும் நல்லாயில்லை என்று கேள்வி. ஆனால் யாரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. சண்டையில் கை கால் போனவன் இருக்கிற ஊரில், வாளிச் சத்தத்துக்குப் பயமாக இருக்கிறது என்று எந்த முகத்தோடு சொல்வது?

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். வராமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

காலை பத்து மணி இருக்கும். இரண்டு அறையும் நிறைந்து வெளி விறாந்தையிலும் ஆட்கள். சேலைன் போத்தல் இரண்டுதான் மிச்சம். நீங்கள் வெயில் விழுந்த படிக்கட்டில் குந்தியிருந்தீர்கள். நீங்கள் வேலை நேரத்தில் குந்தி நான் பார்த்ததே இல்லை.

"என்னக்கா?"

"ஒண்டுமில்லையடி. கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குது."

"வயித்தாலை போனதோ?"

"விடிய ஒருக்கா. சும்மா விசர்க்கதை கதையாமல் போய் அந்தப் பொடிச்சியைப் பார், கண் உள்ளுக்கை போகுது."

உங்கள் கையைப் பிடித்து முன்னங்கையில் நுள்ளினேன். பட்டென்று படிந்தது. "உங்களிலை ஒரு பீப்பாய் தண்ணி நிக்குது, ஒண்டும் செய்யாது" என்றேன். உங்கள் பருமனைச் சொல்லி நாங்கள் எல்லாரும் பகிடி விடுவதுதானே. "ஓமடி, நான் குருநகர்க் கடல்" என்று சொல்லிக்கொண்டு எழும்பினீர்கள். இரண்டு போத்தலையும் வேறு இரண்டு பேருக்கு ஏற்றினோம். அவர்கள் இருவரும் பிழைத்துவிட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

மதியத்துக்குள் வாளி கழுவுகிற இடத்தில் விழுந்து கிடந்தீர்கள். ஒருக்கா அல்ல, எத்தனை தரம் போனீர்களோ. பின்பக்கமாகப் போய்ப் போய் வந்திருக்கிறீர்கள். வாகனம் அதற்குப் பிறகு வந்தது. போத்தல்கள் வந்தன. உங்கள் கையில் நரம்பு பிடிபடவில்லை. நானும் குத்தினேன், வாகனத்தோடு வந்த டொக்டரும் குத்தினார். பின்னேரம் ஆக முன்னம் எல்லாம் முடிந்துவிட்டது.

பருமனான உடம்பில் தோல் பொய் சொல்லும். தண்ணீர் வற்றினாலும் கொழுப்பு தோலைத் தள்ளிவிடும், மடிப்பு நிற்காது. அவர்களுக்கு நாக்கைப் பார், கண்ணைப் பார், நாடியைப் பிடி என்று எங்களுக்குப் படிப்பித்திருக்கிறார்கள். இதை ஒரு வருஷமாக யாருக்கும் சொல்லவில்லை. எல்லாரும் உங்களைத் தியாகி என்றார்கள், நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

நேற்றுத்தான் உங்கள் வீட்டுக்குப் போனேன். சொல்லாமல் அந்த வாட்டுக்குள் கால் வைக்க முடியாது என்று தோன்றிவிட்டது. உங்கள் மனுசன் அந்தோனி அண்ணை வாசலில் சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். மீன் பிடிக்கக் கடலுக்குப் போக நேவி விடுவதில்லை, இப்போது சைக்கிளில் விறகு கட்டி விற்கிறார். மெலிந்துவிட்டார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், நுள்ளியதை, தோல் படிந்ததை, பருமனான ஆட்களில் அது பொய் சொல்லும் என்பதை, பகிடி விட்டதை.

அவர் ரியூப்பைக் கீழே வைத்தார். "உடம்பு பெருத்த ஆக்களுக்கு உது சரிவராதெண்டு உங்களுக்குப் படிப்பிக்கேல்லையோ?"

"படிப்பிச்சவை அண்ணை. மறந்திட்டன்."

ரியூப்பைத் திரும்ப எடுத்துத் துடைத்தார். பிறகு, "அவ்வளவு சனத்துக்கை ஆருக்குத்தான் மறக்காது தங்கச்சி? அவளும் உமக்குப் பொய்தானே சொன்னவள். இதையே நினைச்சுக்கொண்டு திரியாதையும். இரும், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்" என்றார்.

பனங்கட்டியோடு பிளேன்ரீ தந்தார். குடித்தேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தேன். பாரம் இறங்கியிருக்க வேண்டும் இல்லையா? எனக்கு ஏறியிருந்தது. வழியில் இரண்டு இடத்தில் இறங்கி நின்றேன். அந்த நல்ல மனிதர் என்னை மன்னித்துவிட்டார், ஆனால் நான் செய்யாத பிழைக்கு.

அக்கா, நான் மறக்கவில்லை.

உங்கள் கையைப் பிடித்தபோதே அது குளிர்ந்திருந்தது. வெயிலில் இருந்த ஆளுக்குக் கை ஐஸ் மாதிரி. மணிக்கட்டில் நாடி என் விரலுக்குக் கீழே நூல் போல ஓடியது. பதினொரு வருஷம் நேர்ஸாக இருப்பவளுக்கு அது என்னவென்று தெரியாதா? தெரிந்தது. அந்த நிமிஷத்தில் எனக்கு வந்தது உங்களைப் பற்றிய பயம் இல்லை. நீங்கள் படுத்துவிட்டால் இந்த இரண்டு அறையிலும் விறாந்தையிலும் நான் தனியே நிற்க வேண்டுமே என்ற பயம். அதனால்தான் நாடியை விட்டுவிட்டுத் தோலை நுள்ளினேன். தோல் படியும் என்று எனக்குத் தெரியும். எனக்கு வேண்டிய பதில் அதில்தான் இருந்தது. பகிடி விட்டு உங்களை எழுப்பி வேலைக்கு அனுப்பியது நான்தான்.

இதை எழுதிவிட்டுத் திரும்ப எழும்பி முற்றத்தில் நடந்தேன். வானம் மூட்டமாக இருக்கிறது. மகள் பள்ளிக்கூடத்தால் வந்துவிட்டாள், என்னைத் தள்ளி நின்று பார்க்கிறாள். உங்களுக்கும் தெரிந்திருந்ததா அக்கா? என் முகத்தைப் பார்த்துத்தான் "விடிய ஒருக்கா" என்று சொன்னீர்களா? தெரிந்துகொண்டா எழும்பிப் போனீர்கள்? யாரிடம் போய் நான் இதைக் கேட்பது?

ஒரு சத்தியம் செய்து தருகிறேன். நாளன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமை, அந்தோனி அண்ணை கோயிலால் வந்ததும் அவரிடம் போவேன். இந்தத் தாள்களை முதலில் அவருடைய கையில் கொடுப்பேன். இதை மலரில் போடலாமா, வேண்டாமா என்பதை அவர் சொல்லட்டும். ஆண்டுப் பூசைக்கு என்னை வரவேண்டாம் என்றால் வரமாட்டேன். இந்த முறை தேத்தண்ணி தந்தால் குடிக்கவும் மாட்டேன்.

அவர் என்ன சொன்னாலும் திங்கட்கிழமை விடிய அந்த வாட்டுக்குப் போய்விடுவேன். பயம் விட்டுப்போனதால் இல்லை. நான் போகாவிட்டால் அங்கே யாரோ ஒருத்தி தனியே நிற்பாள். தனியே நிற்கிறவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும்.

உங்களுடைய தங்கச்சி,
வசந்தி
நீர்வேலி