சாயங்காலம் திருப்பிய பில்

மார்ச் 31, இரவு.

படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. கருவூலத்தில் இன்று நான் செய்தது சரிதான். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆம்பூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் பில் அது. குடிதண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினைப் பழுதுபார்க்கும் செலவு. அதை மருந்து வாங்கும் கணக்குத் தலைப்பில் போட்டிருந்தார்கள். சாயங்காலம் திருப்பிக் கொடுத்தேன்.

"பணம் இருக்குது இல்ல மேடம்? தலைப்புதான மாறிப்போச்சு?" என்றார் பில்லைத் திரும்ப வாங்க வந்த நர்ஸ்.

"சட்டசபை எதுக்கு ஒதுக்குச்சோ அதுக்குத்தான் குடுக்க முடியும் சிஸ்டர். அரசியலமைப்பே அப்படித்தான் சொல்லுது."

"நாளைக்கு மாத்தி எடுத்தாறேன். டாக்டர் கையெழுத்து வேணும், அவரு மீட்டிங்குக்கு வேலூர் போய்ட்டாரு."

"நாளைக்குப் புது வருஷக் கணக்கு. இந்தப் பணம் இன்னியோட போய்டும்."

நர்ஸ் சண்டை போடவில்லை. எங்கள் ஆபீஸ் கேனிலிருந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டார். "எங்க போர் தண்ணி வாயில வெக்க முடியல மேடம். எல்லாம் தோல் டேனரி தண்ணி எறங்கினதுதான். பிரசவத்துக்கு வந்தவங்களுக்கு இன்னா குடுக்கறது?"

மந்திரியே வந்து கேட்டிருந்தாலும் அந்த பில்லை நான் பாஸ் செய்திருக்க மாட்டேன். செய்யவும் கூடாது.

ஆனால் பிழையைக் காலை பத்து மணிக்கே பார்த்துவிட்டேன். டாக்டர் அப்போது ஊரில்தான் இருந்திருப்பார். திருப்ப வேண்டிய பில்களையெல்லாம் கட்டிவைத்துச் சாயங்காலம் மொத்தமாகக் கொடுப்பது எங்கள் வழக்கம். இதையும் அந்தக் கட்டில் செருகினேன்.

ஒரு போன் போட்டிருக்கலாம். அதற்குச் சட்டசபை அனுமதி தேவையில்லை.