பாலை மரத்தில் கட்டிய பை

ஜூன் 14, வெள்ளி

ஆஸ்பத்திரியில், என்னோடு வேலை செய்யும் நிசாமைப் பார்த்தேன். கரடி கீறியதில் ஒரு கண் போய்விட்டது. சுற்றுலாக்காரரைக் காட்டில் தங்கவைக்கும் எங்கள் முதலாளியும் வந்திருந்தார்.

"சாப்பாட்டுப் பையைத் தூரத்தில, மரத்தில உயரக் கட்டச் சொன்னனான்தானே?"

"கட்டினனான் சேர், பாலை மரத்தில. கரடிக்கு ஏணிதான் வைக்கேல்ல," என்றான் நிசாம்.

பாலை பழுக்கும் காலத்தில் கரடி அந்த மரத்தில்தான் ஏறும். கிண்ணியாக் கடலில் மீன்பிடித்துவந்த நிசாமுக்கு அதை யார் சொன்னார்கள்? விடிய, பையை எடுக்கப் போனவன்மேல் அது இறங்கியிருக்கிறது. உணவு வைக்க இரும்புப் பெட்டி கேட்டோம். அடுத்த சீசன் பார்ப்போம் என்றவர் இந்த முதலாளிதான்.

கட்டிலருகிலேயே என்னிடம் கேட்டார்: "நாளைக்கு வெள்ளைக்காரர் வருகினம். இவனுக்குப் பதிலா நீ காட்டுக்குப் போறியோ?"

மாட்டேன் என்றால் அந்த வேலைக்குப் பத்துப் பேர் நிற்கிறார்கள்.

"ஓம் சேர்," என்றேன். நிசாமின் முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டேன்.