ஃபரீன் வரைந்த ஆடு

786
கரியாலூர்
18.9.87

பிரியமுள்ள ஜீனத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் ஃபரீனும் பத்திரமா?

புதன்கிழமை ஜவுளி மூட்டையோடு மலை ஏறியவன், நேற்று இறங்கலாம் என்று நின்றால் பஸ் இல்லை. இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியலாம். கச்சிராயபாளையம் ரோட்டில் மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்களாம். நம் மூட்டை சுமக்கும் ஆள் பாவாடையின் வீட்டில் படுத்திருக்கிறேன். படுத்திருக்கிறேன் என்றதும் பதறாதே, லேசான காய்ச்சல்தான். பாவாடை காட்டுவழியாக நடந்தே இதைக் கொண்டுவருகிறான். மாத்திரை கொடுத்தனுப்பு.

கூடவே நாலு வரி எழுது. எப்போதும்போல "ஏதோ போவுது" என்று எழுதாதே. இன்று நம் வீட்டில் நடந்த நல்லது ஒன்றை எழுது. காய்ச்சல்காரன் கேட்கிறேன்.

கவுஸ் பாஷா


786
கள்ளக்குறிச்சி
19.9.87

மரியாதைக்குரிய என் வீட்டுக்காரருக்கு,

வ அலைக்கும் ஸலாம். லேசான காய்ச்சலா? பாவாடை எல்லாம் சொல்லிவிட்டார். "அண்ணன் நடுங்கிக்கினே கெடக்குறாருங்க, மூணு கம்பளி போத்தியும் நிக்கல" என்றார். விற்கப் போன கம்பளியை நீங்களே போர்த்திக்கொண்டீர்களாக்கும். மற்ற நாளாயிருந்தால் சிரித்திருப்பேன்.

இங்கே கடைத்தெரு மூடிக் கிடக்கிறது. எங்கேயோ துப்பாக்கிச் சூடு என்கிறார்கள், எது நிஜமோ. வாசலில் ஒரு சைக்கிள் நின்றாலும் ஓடிப்போய்ப் பார்க்கிறேன்.

நல்லதை எழுதச் சொல்கிறீர்களே, தெரிந்துதான் கேட்கிறீர்களா? "எங்க ஜெபீனா பத்து மாசத்துலயே நடக்குது" என்று அந்தக் கல்யாண வீட்டில் நாலு பேர் நடுவே பெருமையடித்தவள் நான். மூன்றாம் நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் குழந்தை இல்லை. எட்டு வருஷமாக எந்த நல்லதையும் நான் வாயால் சொன்னதில்லை. நீங்கள் அங்கே அப்படிக் கிடக்கும்போதா சொல்வேன்?

மாத்திரையும் ரொட்டியும் வைத்திருக்கிறேன். ஏதோ போகிறது.

ஜீனத்துன்னிசா


786
கரியாலூர்
21.9.87

ஜீனத்,

எழுத்து கோணினால் மன்னித்துக்கொள். மாத்திரை போட்டும் காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருக்கிறது. மறைத்து என்ன, எனக்கும் பயமாக இருக்கிறது.

கண்ணை மூடி வீட்டை நினைத்துப் பார்க்கிறேன், ஒன்றும் பிடிபடவில்லை. சாப்பிடும்போது அடுத்த சந்தை நினைப்பு, சந்தையில் தீபாவளிச் சரக்கு நினைப்பு. போன வாரம் ஃபரீன் வாயைத் திறந்து, விழுந்த பல்லைக் காட்டினாளே, அது எந்தப் பக்கம்? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. இன்று பாவாடையின் மனைவி தைலம்மாள் சாமைக் கஞ்சி கொடுத்தாள். வேறு எதையும் நினைக்காமல் அதைக் குடித்தேன். எத்தனை ருசி!

இன்னொன்று. அந்தக் கல்யாண வீட்டில், உனக்கு முன்பே, பிரியாணி தம் போட்டவரிடம் ஜெபீனா நடப்பதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டவன் நான். அவளைக் காய்ச்சல் கொண்டுபோனது, உன் வாய் அல்ல. இதை முன்பே சொல்லியிருக்கவேண்டும்.

எந்தப் பக்கப் பல் என்று எழுது.

கவுஸ் பாஷா


786
கள்ளக்குறிச்சி
22.9.87

என் வீட்டுக்காரருக்கு,

மேல்வரிசையில், அவளுடைய சோற்றுக்கைப் பக்கம்.

நீங்களும் சொன்னீர்களா? எட்டு வருஷம் என்னைத் தனியாகப் பயப்பட விட்டீர்களே! வாருங்கள், நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

இன்று ஃபரீன் சிலேட்டில் ஆடு வரைந்துவந்து, "நல்லாக்குதாம்மா?" என்றாள். "போ, போய்க் கை கழுவு" என்றேன். எப்போதும் அதையேதான் சொல்வேன். அவள் கை கழுவிக்கொண்டே, "எங்கம்மாவுக்கு எதுவுமே புடிக்காது" என்று தனக்குத்தானே சொன்னாள். அடுப்படியில் நின்று அழுதேன்.

எப்படியாவது வந்துவிடுங்கள்.

ஜீனத்துன்னிசா


786
கள்ளக்குறிச்சி
27.9.87

என் வீட்டுக்காரருக்கு,

இதைக் கொண்டுவரப் பாவாடை வேண்டியதில்லை. உங்கள் தலையணைக்கு அடியில் வைக்கிறேன்.

மறியல் முடிந்து வியாழக்கிழமை வந்த முதல் பஸ்ஸில் பாவாடை உங்களைத் தாங்கிப் பிடித்து இறக்கியபோது உங்களுக்கு என்னைக்கூட அடையாளம் தெரியவில்லை. காய்ச்சல் விட்டுவிடும் என்கிறார் டாக்டர். இன்னும் நாலு நாள் பார்க்கவேண்டும் என்றும் சொல்கிறார். இப்போது தூங்குகிறீர்கள்.

சற்றுமுன் ஃபரீன் சிலேட்டோடு வந்தாள். மறுபடியும் ஆடு. நாலு காலும் ஒரே பக்கம். "இன்னாம்மா, நல்லாக்குதா?" என்றாள். "போ, போய்க் கை கழுவு" என்று வாய்வரை வந்தது. பிறகு சொன்னேன். "நல்லாக்குதுடி. ரொம்ப நல்லாக்குது." என்னையே உற்றுப் பார்த்தாள். சிலேட்டை அழித்துவிட்டு இன்னொரு ஆடு வரைய ஓடினாள்.

அதற்குள் மூன்று தடவை நெற்றி தொட்டுப் பார்த்துவிட்டேன். அவளுக்கு, உங்களுக்கு, மறுபடியும் அவளுக்கு. அவளுக்குச் சூடில்லை. உங்களுக்குக் கொஞ்சம் இருக்கிறது.

பயம் போகவில்லை. இருந்தாலும் நீங்கள் கேட்டதை எழுதிவிடுகிறேன். இப்போது பகல் மூன்று மணி. மூன்று பேரும் வீட்டில் இருக்கிறோம். நன்றாக இருக்கிறோம். அல்ஹம்துலில்லாஹ்.

எழுந்ததும் ஃபரீனைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்லுங்கள். புதுப் பல் முளை விட்டிருக்கிறது.

ஜீனத்துன்னிசா